கலைவாணரின் சிரிப்பு ஏழைக்கும் செல்வருக்கும் ஒன்றாகவே சென்றது எப்படி?

மலைக்கோட்டை வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். கேட்க வருபவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். சென்னையில் கலைவாணர் அரங்கம் என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவரைத் தெரியாது.

பிறந்த நாள், நடித்த படங்கள் என்று வாழ்க்கைக் குறிப்பை ஒப்பிப்பதில் எனக்கு விருப்பமில்லை. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த கூலித் தொழிலாளியும், சோபா டிக்கெட் வாங்கிய மிராசுதாரரும் அவரைக் கண்டதும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். காந்தியவாதிகளும் அவரைத் தம்மவர் என்றார்கள், சுயமரியாதை இயக்கத்தாரும் தம்மவர் என்றார்கள். இது எப்படி நேர்ந்தது? இயல்பிலேயே உற்சாகமான மனிதர் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஒருவர், வெளியே வந்த பிறகும் மக்களைச் சிரிக்கவைக்கும் நம்பிக்கையை எங்கிருந்து பெற்றார் என்பதும் எனக்குப் பெரிய கேள்வியாகவே இருக்கிறது. அவருடைய வள்ளல் தன்மையைப் பற்றி ஏராளமான கதைகள் உலவுகின்றன. அவற்றை எந்த அளவுக்குப் பேச்சில் சேர்க்கலாம் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழந்திரை அன்பர்:

அம்மா, மிக நல்ல கேள்வி. அவருடைய நகைச்சுவை எப்படி உருவாயிற்று என்பதிலிருந்து நீங்கள் தொடங்கலாம் என்பது என் கருத்து.

அவர் நடித்து முதலில் வெளிவந்த படம் 1935-இன் 'மேனகா'. அடுத்த ஆண்டு 'சதி லீலாவதி' வந்தது. எம்.ஜி.ஆருக்கு அதுவே முதல் படம். அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள், படத்தின் கதை எதுவாக இருந்தாலும் நகைச்சுவைப் பகுதியை மட்டும் தம்முடைய குழுவினரோடு சேர்ந்து தாமே அமைத்துக் கொடுப்பது என்ற வழக்கத்தை அவர் நிலைநிறுத்தினார். அவருடைய மனைவி டி.ஏ. மதுரம், புளிமூட்டை ராமசாமி, காக்கா ராதாகிருஷ்ணன் போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். முதலாளி கொடுத்த வசனத்தை ஒப்பிக்கும் நிலையில் அவர் இல்லாததால், யாரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர் கையில் இருந்தது. அந்த உரிமையை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. வறுமையையும் உடற்குறையையும் பிறப்பையும் காட்டிச் சிரிப்பு வாங்குவது எல்லாக் காலத்திலும் எளிதாகக் கிடைக்கும் வழி. அவர் அந்த வழியை நம்பி இருக்கவில்லை. மூடநம்பிக்கை, குடி, சாதித் திமிர், போலி ஆசாரம் ஆகியவற்றையே அவர் எடுத்துக்கொண்டார். இவை ஏழை வீட்டிலும் உண்டு, செல்வர் வீட்டிலும் உண்டு. ஆகையால் இரு சாராரும் தம் வீட்டுச் சங்கதியை அடையாளம் கண்டு சிரித்தார்கள்.

மதுரம் அம்மையாரின் பங்கை விட்டுவிடாதீர்கள். அந்த இணையின் காட்சிகளில் பெரும்பாலும் அறிவாளி அந்த அம்மாள்தான். கிருஷ்ணன் பெரிய விஷயம் தெரிந்தவரைப்போல் ஆரம்பிப்பார், மதுரம் ஒரே கேள்வியில் மடக்குவார், கிருஷ்ணன் அசடு வழிவார். புகழின் உச்சியில் இருந்த ஒரு நடிகர், திரையில் தம் மனைவியிடம் மீண்டும் மீண்டும் தோற்றுப்போகச் சம்மதித்தார் என்பதை இன்றைய மாணவர்கள் கவனிக்கவேண்டும். கேலியின் முதல் அடியைத் தாம் வாங்கிக்கொண்டதால்தான் பிறர் மீது விழுந்த அடி யாருக்கும் வலிக்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு காட்சியைத் திரையிட வாய்ப்பிருந்தால், 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தின் கிந்தனார் காலட்சேபத்தைத் திரையிடுங்கள். அண்ணா எழுதிய படம் அது. காலட்சேபத்தைப் பாட்டாக்கியவர் உடுமலை நாராயண கவி. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, காலட்சேபம் செய்யும் பாகவதரின் தோரணையில் நின்று, ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒரு சிறுவன் படிப்பைத் தேடி ரயிலேறிப் பட்டணம் போவதைக் கலைவாணர் கதையாகச் சொல்லுவார். ரயில் வண்டியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற தீட்டுக் கணக்கு செல்லாது என்பதை, எவரையும் திட்டாமல், தாளத்தோடும் ஜதியோடும் சொல்லிக்கொண்டு போவார். காலட்சேபம் கேட்டுப் பழகிய மேல்தட்டுக் காதுக்கு அந்த வடிவம் இன்பம் கொடுத்தது; கோயிலுக்குள் நுழையவே நெடுங்காலம் அனுமதிக்கப்படாதவருக்குத் தம் வீட்டுப் பிள்ளை கதாநாயகனாக வந்தது நிறைவைக் கொடுத்தது. ஒரே பாட்டு இரண்டு வேலையையும் செய்தது. இதைவிடத் தெளிவான சான்று உங்களுக்குக் கிடைக்காது.

நாஞ்சில் நாட்டான்:

பழந்திரை அன்பர் கூறியதை ஏற்கிறேன். அந்தக் கலை எங்கே வேர் பிடித்தது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

அவர் 29-11-1908 அன்று நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதி. வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. டென்னிஸ் ஆடும் பெரிய மனிதர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டதும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றதும் அவருடைய சிறுவயது வேலைகளாகச் சொல்லப்படுகின்றன. பணக்காரர் எப்படிப் பேசுவார், எப்படிக் கோபிப்பார் என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு பந்து பொறுக்கும் பையனுக்கு உண்டு. தரையில் இருப்பவர் எதற்குக் கைதட்டுவார் என்பதைத் தின்பண்டத் தட்டோடு கூட்டத்துக்குள் புகுந்து வருகிற பையனைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்கமுடியாது. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து தொழிலைக் கற்றார்.

அதற்கும் முன்னால் அவருக்குக் கிடைத்த பாடம் எங்கள் பகுதியின் வில்லுப்பாட்டு. அம்மன் கோயில் கொடை விழாவிலும் சுடலைமாடன் கோயில் கொடை விழாவிலும் விடிய விடிய வில்லடிக்கும்போது, புலவர் கதையைச் சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் ஆமாம் போட்டு, இடையிடையே குறும்பாக ஒரு கேள்வி கேட்பார். கேட்பவர் கூட்டத்தில் ஊர்ப் பெரிய மனிதரான காரியக்காரரும் இருப்பார், வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவரும் இருப்பார். யாரும் எழுந்து போய்விடாதபடி கதையை நகர்த்தவேண்டும். கிருஷ்ணனும் மதுரமும் திரையில் பேசிக்கொள்ளும் முறையில் எனக்கு இந்த வில்லிசை மேடையின் உரையாடல்தான் கேட்கிறது. பிற்காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துச் சென்று வளர்த்துவிட்டவரும் இவரே. அந்தச் சுப்பு ஆறுமுகம்தான் பிறகு வில்லிசையைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்று பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வழக்குமன்றத் தோழன்:

சிறைவாசத்தைப் பற்றிய கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். பேச்சில் இந்தப் பகுதியைத் தவிர்க்கவேண்டாம். வழக்கின் போக்கைச் சரியாகச் சொன்னால் போதும்.

மஞ்சள் பத்திரிகை நடத்திவந்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அடுத்த மாதமே அக்காலத்தின் புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தோற்றது. அக்காலத்து இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், அங்கிருந்து மறுவிசாரணைக்காக உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்பதே இறுதித் தீர்ப்பு. 'தண்டனை பெற்றவர்' என்று சொல்லும் அதே வாக்கியத்தில் 'விடுதலை செய்யப்பட்டவர்' என்பதையும் சொல்லிவிடுங்கள். கேட்பவர் மனத்தில் முதல் பாதி மட்டும் தங்கிவிடக்கூடாது.

அந்த இரண்டரை ஆண்டுக் காலத்தில் நடந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. பாகவதரும் கிருஷ்ணனும் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளியை ஒட்டி வெளியாகிச் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கிருஷ்ணன் சிறைக்குள் இருந்த நாட்களில் சில மைல் தொலைவில் இருந்த கொட்டகையில் மக்கள் நாள்தோறும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மதுரம் அம்மையாரும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலைந்துபோக விடாமல் நடத்தினார்கள். அந்தக் குழுவின் முயற்சியில் உருவான 'பைத்தியக்காரன்' படத்தில், விடுதலையாகி வந்த கிருஷ்ணனுக்காக ஒரு வேடம் சேர்க்கப்பட்டது. திரும்பி வருவதற்கு ஓர் இடத்தைப் பிறர் காத்துவைத்திருந்தார்கள் என்பதே அவருடைய நம்பிக்கைக்குப் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

பாகவதரோ விடுதலைக்குப் பிறகு பழைய இடத்தை அடையவே இல்லை. அவருடைய குரல் குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. மக்கள் அவரை அண்ணாந்து பார்த்துப் பழகியிருந்தார்கள். உயரத்தில் வைத்துப் பார்த்தவரைச் சிறை கீழே இறக்கிவிட்டது. கிருஷ்ணன் முன்பிருந்தே மக்களோடு தரையில் நின்றவர் என்பதால், அவர் துன்பப்பட்டு வந்தபோது தம் வீட்டு மனிதரை வரவேற்பதுபோல் வரவேற்றார்கள். அதே ஆண்டில் நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் கையால் அவருக்குக் 'கலைவாணர்' பட்டமும் கிடைத்தது.

மலைக்கோட்டை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாகவதரோடு ஒப்பிட்டுக் காட்டியது நான் நினைத்துப் பார்க்காத கோணம். வள்ளல் கதைகளைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவு தேவைப்படுகிறது. கணக்கில் தருமச் செலவு அதிகமாக இருப்பதை நம்பாத வருமான வரி அதிகாரி, ஏழைபோல் உதவி கேட்டுச் சோதித்துப் பார்த்தார் என்ற கதையைச் சொல்லலாமா?

பழந்திரை அன்பர்:

அந்தக் கதையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகையோடு சொல்லுகிறார்கள். சொல்வதானால் மக்கள் சொல்லும் கதை என்றே குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இத்தனை கதைகள் ஒருவரைச் சுற்றி முளைத்திருப்பதே கொடுக்கும் கை அவருக்கு இருந்ததைக் காட்டும். ஆனால் அவர் கடைசிக் காலத்தில் பணமுடையில் இருந்தார் என்பதையும் மறைக்கவேண்டாம்.

கதைகளைவிட உறுதியான சான்று நாகர்கோவிலில் இருக்கிறது: அங்குள்ள நகராட்சிப் பூங்காவில் காந்தியடிகளுக்கு அவர் தம் சொந்தச் செலவில் எழுப்பிய நினைவுத் தூண். அதைச் செய்தவரையே திராவிட இயக்கமும் கொண்டாடியது. சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை 1969 ஜனவரியில் திறந்துவைத்தவர் முதலமைச்சர் அண்ணா. கடும் நோயிலும் அந்த விழாவுக்கு வந்த அண்ணா, அடுத்த மாதம் மறைந்தார். உங்கள் முதல் கேள்வியில் இருந்த 'இரு தரப்பாரும் தம்மவர் என்றார்கள்' என்பதற்கு இந்தத் தூணையும் சிலையையும் காட்டினால் போதும்.

நேரம் மீதமிருந்தால், 1956-இல் வெளியான 'ராஜா ராணி' படத்தின் சிரிப்புப் பாட்டையும் ஒலிபரப்புங்கள். மனிதர் சிரிக்கும் வகைகளை ஒவ்வொன்றாக முகத்தாலும் குரலாலும் செய்துகாட்டிக்கொண்டே பாடுவார். 30-08-1957 அன்று அவர் மறைந்தபோது அவருக்கு வயது 48. ஆண்டுக் கணக்கைப் பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள். மாணவர்கள் முதலில் சிரிக்கட்டும்.