மறு: எசென்ஷியல் ஆயில் டிஃப்யூசருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

செடிகளிலிருந்து எடுக்கும் எசென்ஷியல் ஆயிலின் மணத்தை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடி இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நேற்று உட்கார்ந்து படித்தேன். ஏழெட்டுப் பரிந்துரைகள் சேர்ந்திருக்கின்றன, சில மிக அழகானவை. ஆனால் அழகுக்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பெயரைக் கேட்டவர் கருவியைத் தவறாகக் கையாளும்படி ஆகிவிடக் கூடாது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அக்கா வீட்டில் இந்தக் கருவி ஒன்று வாங்கினார்கள். தண்ணீர் ஊற்றி, மீயொலியில் (காதுக்கு எட்டாத ஒலியதிர்வில்) இயங்கும் வகை. உடன் வந்த தாளில் தமிழும் இருந்தது: 'அத்தியாவசிய எண்ணெய் பரப்புபவரின் தொட்டியில் நீர் நிரப்பி எண்ணெய் சேர்க்கவும்.' அம்மா அதைப் படித்துவிட்டு, வீட்டில் இருந்த பாதாம் எண்ணெயில் இரண்டு கரண்டி விட்டிருக்கிறார். இரண்டு நாளில் கருவி நின்றுவிட்டது. தொட்டியின் அடியில் இருக்கும் சிறிய வட்டத் தகடு முழுக்கப் பிசுக்கு. அம்மா மீது ஒரு குறையும் இல்லை. எண்ணெய் என்று எழுதியிருந்தது, எண்ணெய் விட்டார்.

> 'அத்தியாவசிய எண்ணெய்' ஏற்கெனவே பல இடங்களில் புழங்கிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமே?

இதற்கு என்னால் ஒப்ப முடியவில்லை. இங்கே எசென்ஷியல் என்பதற்கு 'இன்றியமையாத' என்ற பொருளே கிடையாது. எசென்ஸ், அதாவது சாரம் என்பதிலிருந்து வந்த சொல் அது. ஐரோப்பிய இரசவாதிகள் நிலம், நீர், தீ, காற்று என்ற நான்குக்கும் அப்பால் ஐந்தாவதாக ஒரு சாரம் உண்டென்று நம்பினார்கள். 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் போன்றவர்கள் செடியைக் காய்ச்சி வடித்தால் அதன் உயிர்ச்சாரம் கிடைக்கும் என்று எழுதினார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 'அத்தியாவசிய' என்று நாம் எழுதும்போது, இது இல்லாமல் வீடு நடக்காது என்பதுபோல் ஒரு பொய்யான கனம் வந்து சேர்கிறது.

அடுத்தது எண்ணெய். எள்ளின் நெய்தான் எண்ணெய் என்பது எல்லோருக்கும் தெரியும். 'தைலம் என்று வைக்கலாம்' என்ற நண்பருக்கு ஒரு செய்தி: வடமொழியில் திலம் என்றால் எள், தைலமும் எள்ளிலிருந்து வந்த சொல்தான். ஆங்கிலத்து ஆயில்கூட ஆலிவ் காயிலிருந்து வந்தது. ஆக மூன்று சொற்களும் கொழுப்பு எண்ணெயைத்தான் காட்டுகின்றன. நாம் பேசும் பொருளோ கொழுப்பு அல்ல. பெரும்பாலும் டெர்பீன்கள் என்னும் செடிகளின் மணப்பொருள்களும் அவற்றைச் சார்ந்த மூலக்கூறுகளும் கலந்த, காற்றில் பறந்துவிடும் நீர்மம். வெள்ளைத் தாளில் பாதாம் எண்ணெயை ஒரு சொட்டும் லாவெண்டர் எண்ணெயை ஒரு சொட்டும் விட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். முதல் சொட்டின் கறை அப்படியே இருக்கும், இரண்டாவது ஏறக்குறைய மறைந்திருக்கும். தைலம் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தைலம் என்றாலே கை தானாகத் தேய்க்கப் போகும். இந்தப் பொருளை நீர்க்க வைக்காமல் தோலில் தேய்த்தால் எரியும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும்.

அதனால் எசென்ஷியல் ஆயிலுக்கு என் பரிந்துரை மணச்சாரம். 'வடிமணம்' என்று ஒருவர் எழுதியது என் மனதுக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைத் தோலைப் பிழிந்தே எடுப்பதுண்டு. வடித்தல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

சரி, கருவிக்கு வருவோம்.

> டிஃப்யூஷன் = விரவல். எனவே 'மணவிரவி'.

பாடநூல் சொல்லோடு ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் இயற்பியலில் விரவல் என்பது மூலக்கூறுகள் தாமாக, அலைந்து திரிந்து பரவுவது. அசையாத காற்றில் அது மட்டுமே நடந்தால், அறையின் ஒரு மூலையில் இருக்கும் மணம் மறு மூலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். நமக்குச் சில நிமிடங்களில் மணம் எட்டுவது காற்றோட்டத்தால். கருவி செய்யும் வேலையும் விரவல் அல்ல. மீயொலி வகையில் ஒரு பீங்கான் தகடு வினாடிக்கு ஏறத்தாழ 17 லட்சம் முறை அதிர்கிறது (24 லட்சமும் உண்டு). அந்த அதிர்வில் நீரின் மேற்பரப்பு சில மைக்ரான் அளவுள்ள திவலைகளாக உடைந்து எழும்புகிறது. மின்சாரம் கொடுத்தால் இப்படி அதிரும் படிகங்களின் இயல்பை ஆராயத் தொடங்கியவர்கள் பியர், ஜாக் கியூரி சகோதரர்கள். 1880இல் அழுத்தத்தால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள், இது அதன் மறுபக்கம்.

> 'ஆவிமணப்பி' எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கருவியிலிருந்து எழுவது பார்க்க ஆவிபோல இருக்கும், கையை நீட்டினால் குளிர்ச்சி. அது நுண்திவலை, பனிமூட்டத்தின் உறவு. ஆவி என்று பெயர் வைத்தால் ஆவி பிடிக்கும் கருவி என்றே எடுத்துக்கொள்வார்கள். சளி பிடித்த குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைத்து முகத்துக்கு நேரே வைப்பார்கள். யூகலிப்டஸ், கற்பூரம், மெந்தால் எல்லாம் சிறு குழந்தையின் முகத்தருகே வரக்கூடாத பொருள்கள், மூச்சுத் திணறல்வரை கொண்டுபோகும். இந்த ஒரு சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

புகை, தூபம் சார்ந்த சொற்களும் வேண்டாம், இங்கே எதுவும் எரிவதில்லை. 'விரைதூவி' எழுதியவரின் சொல்லறிவை மதிக்கிறேன். விரை பழந்தமிழில் மணப்பொருள்தான். இன்று அது வேகத்தையும் உடலுறுப்பையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

'கமழி' பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பலர் அதற்கு ஆதரவு. உலாவி, செயலி வரிசையில் அழகாக உட்காருகிறது. ஆனால் கமழ்தல் தன்வினை. பூ கமழும், சந்தனம் கமழும். எது கமழ்கிறதோ அதுதானே கமழி ஆக முடியும்? கருவி கமழ்வதில்லை, வேறொன்றைக் கமழச் செய்கிறது. பரவு என்பதற்குப் பரப்பு என்று பிறவினை தயாராக இருப்பதால், கருவிக்கு என் பரிந்துரையான மணப்பரப்பி இலக்கணத்துக்கும் பொருந்துகிறது, காதுக்கும் புதிதாக இல்லை. அதன் முன்னால் 'நறு' சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு நறுமணமாக இருப்பது இன்னொருவருக்குத் தலைவலி.

வகைகளுக்கு: மீயொலி மணப்பரப்பி, தண்ணீர் இல்லாமல் காற்றை விசையோடு செலுத்திச் சாரத்தையே திவலையாக்குவதற்கு ஊது மணப்பரப்பி, சூட்டு மணப்பரப்பி, குச்சிகள் நுண்துளை வழியாக உறிஞ்சி மேலேற்றும் வகைக்குக் குச்சி மணப்பரப்பி.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க, அதை வைத்து வழிமுறை எழுதிப் பார்ப்பது என் வழக்கம்:

'மணப்பரப்பியின் தொட்டியில் கோடுவரை தண்ணீர் ஊற்றவும். 100 மில்லிக்கு 3 முதல் 5 சொட்டு மணச்சாரம் போதும். வேறு எண்ணெய் எதையும் விடக்கூடாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தவும். சன்னல் சற்றுத் திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் வைக்க வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் தேயிலை மரச் சாரத்தை (டீ ட்ரீ ஆயில்) தவிர்க்கவும். சாரத்தில் உள்ள சில பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது. மீந்த நீரை அன்றே கொட்டித் தொட்டியைத் துடைக்கவும்.'

எந்த இடத்திலும் சொல் இடறவில்லை என்பது என் எண்ணம். உங்களுக்கு இடறினால் எழுதுங்கள்.

அன்புடன்.

---

மறு: மறு:

மறுமொழிகளுக்கு நன்றி. மணம் என்றால் திருமணம் என்று எடுத்துக்கொள்வார்களே என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். தனியாக நின்றால் அந்த மயக்கம் உண்டு. 'பரப்பி' பக்கத்தில் வந்ததும் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். மணச்சாரத்தை நீர்க்க வைக்கக் கலக்கும் கேரியர் ஆயிலுக்குத் 'தாங்கெண்ணெய்' நல்ல சொல். அது உண்மையிலேயே எண்ணெய் என்பதால் அந்தச் சொல் அங்கே இருக்கத்தான் வேண்டும், இரண்டையும் பிரித்துக் காட்டவும் உதவும்.

அப்புறம், மேலே உள்ள வழிமுறையைப் பெரிய எழுத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். தகட்டைச் சாராயம் தொட்ட பஞ்சால் துடைத்ததில் கருவி மறுபடி ஓடுகிறது. அம்மா தாளை வாங்கிப் படித்துவிட்டு, "சாரம்னா சொட்டுக் கணக்குலதான் விடணும், இல்லையா?" என்று கேட்டார்.