கடலோர ஊரில் கறுப்பு நிறப் புதுக் கார்: செராமிக் கோட்டிங்கா, பிபிஎஃப் படலமா, வாக்ஸ் போதுமா?

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே காரை ஓட்டிய பிறகு, இந்த மாதக் கடைசியில் புதுக் கார் எடுக்கவிருக்கிறோம். கறுப்பு நிறம்தான் வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டதால் அதையே பதிவு செய்துவிட்டேன். வீடு கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வாசலில் நிற்கும் புங்க மரத்தடியைத் தவிரக் காரை நிறுத்த வேறு இடமில்லை. போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் குழாய் முனையில் மாதந்தோறும் வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் வேலை நிமித்தம் மதுரை நான்குவழிச் சாலையில் போய்வர வேண்டும்.

ஷோரூமில் டெஃப்லான் பூச்சுக்கு 6,000 ரூபாய், செராமிக் கோட்டிங் என்ற திரவப் பூச்சுக்கு 28,000, பிபிஎஃப் என்ற பெயிண்ட் பாதுகாப்புப் படலத்தை முழு வண்டிக்கும் ஒட்ட 1,20,000 என்று மூன்று விலை சொன்னார்கள். செராமிக் பூசினால் ‘ஒன்பது எச்’ கடினம் வந்துவிடும், கீறல் விழாது, உப்புக்காற்றில் துருவும் பிடிக்காது, ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு என்கிறார்கள். பழைய காரில் ஒரு கடையில் பூசிய டெஃப்லான் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காததால், மறுபடியும் சொல்லை நம்பிப் பணம் கட்டத் தயக்கமாக இருக்கிறது. தொழில் தெரிந்தவர்களும் சொந்த அனுபவம் உள்ளவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வண்ணப்பட்டறை (திருப்பெரும்புதூர்)

வணக்கம் ஐயா. கார்த் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், எதைப் பாதுகாக்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தகட்டின்மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் பொதுவாக இருக்கும். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு முடியைச் சேர்த்து வைத்த அளவுதான் முழுப் பெயிண்டும். அதில் கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான். பளபளப்பும், வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் சக்தியும் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன. ‘காம்பவுண்ட் (தேய்ப்புப் பசை) போட்டுக் கீறலை எடுத்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும், அந்த நாற்பதில் சில மைக்ரானைத் தேய்த்து எடுக்கப் போகிறார்கள் என்றே புரிந்துகொள்ள வேண்டும். அது திரும்ப வளராது.

இப்போது ஒன்பது எச் என்ற பேச்சுக்கு வருவோம். இது பென்சில் கொண்டு செய்யும் சோதனை. மென்மையான பென்சிலில் தொடங்கி 9எச் வரை ஒவ்வொன்றாகப் பூச்சின்மேல் அழுத்தி இழுத்து, எந்தப் பென்சில் வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த பென்சில் முனை கீறவில்லை என்பதால் மணலும் கீறாது என்று ஆகிவிடாது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஒன்பதாம் இடம் மாணிக்கக் கல்லின் வகையைச் சேர்ந்த கொரண்டத்துக்கு உரியது. அந்த ஒன்பதும் இந்த ஒன்பதும் ஒன்று என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்ளும்படி பேசுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. உங்கள் ஊர்க் காற்றில் பறக்கும் மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது கண்ணாடியையே கீறும். செராமிக் கோட்டிங் காய்ந்த பிறகு நிற்பது ஒன்றிரண்டு மைக்ரான்தான். லாரிச் சக்கரம் தெறிக்கும் கல்லை அது தடுக்கவே தடுக்காது.

துருவைப் பற்றிச் சொன்னது இன்னும் தவறானது. கடலோரக் கார்களில் துரு பெயிண்டின் நடுப்பரப்பில் தொடங்குவதில்லை. கதவின் அடி மடிப்பு, சக்கர வளைவின் உட்புறம், அடித்தளத்தின் இணைப்புகள், கல் பட்டுப் பெயர்ந்து தகடு தெரியும் புள்ளி ஆகியவற்றில்தான் தொடங்கும். பானெட்டின் மேல் பூசும் எதுவும் அங்கே எட்டாது. வாரம் ஒருமுறை அடிப்பகுதியில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுவதும், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபடாமல் பார்த்துக்கொள்வதும்தான் துருவுக்கு மருந்து.

டெஃப்லானுக்கு ஒரே வரி போதும்: அந்தப் பொருள் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் உலையில் சுட்டுப் பதிப்பதைப் போல ஷோரூம் வாசலில் துணியால் தேய்த்துக் காரில் பதிக்க முடியாது.

நாஞ்சில் பயணி (நாகர்கோவில்)

வண்ணப்பட்டறை ஐயா சொன்னவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுத வருகிறேன். ஏனென்றால் என் காரைக் கெடுத்தது வெயிலோ கல்லோ அல்ல, தண்ணீர்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கருநீலக் காருக்குச் செராமிக் பூசினேன். முதல் மாதம் மழைத்துளிகள் தாமரை இலைமேல் உருள்வதைப் போல உருண்டு ஓடியதை நின்று ரசித்தேன். எங்கள் குடியிருப்பில் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைத் தொட்டியில் சேர்த்து, வீணாகாமல் கார் கழுவப் பயன்படுத்துவது வழக்கம். சிக்கனமான ஏற்பாடு என்று நானும் பாராட்டியிருக்கிறேன். அந்தக் கழிவு நீர், குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பையெல்லாம் சுமந்து வருவது என்ற எண்ணம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கோட்டிங் இல்லாத பெயிண்டில் தண்ணீர் படலமாகப் பரவிக் காயும். கோட்டிங் உள்ள பெயிண்டில் தனித்தனித் துளியாக நின்று காயும். அப்போது துளியில் இருந்த சுண்ணாம்பு முழுவதும் அதன் விளிம்பில் வளையமாகப் படியும். மூன்று மாதத்தில் பானெட் முழுவதும் மிளகு அளவு முதல் ஒரு ரூபாய் நாணயம் அளவு வரை வெள்ளை வளையங்கள் வந்துவிட்டன. தண்ணீர் கலந்த வினிகரை மென்துணியில் நனைத்து ஒற்றியதில் பாதி போயிற்று. மீதியைப் பாலீஷ் போட்டு எடுத்தபோது, பணம் கொடுத்துப் பூசிய கோட்டிங்கும் சேர்ந்தே போயிற்று.

ஆகவே ஐயா, உங்கள் போர் தண்ணீர் குழாய் முனையில் படிவை விடுகிறது என்றால், காரிலும் நிச்சயம் விடும். கழுவுவதற்கு அதைப் பயன்படுத்த நேர்ந்தாலும், கடைசியாக ஒரு வாளி மாநகராட்சித் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ ஊற்றி அலசி, தடித்த மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். வெயிலில் கழுவ வேண்டாம்; காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. கறுப்புத் தகடு நண்பகலில் கை வைக்க முடியாத அளவு சுடும். அதில் விழும் துளியைத் துடைக்க நேரமே கிடைக்காது.

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் வீட்டிலும் ஆர்.ஓ. கழிவு நீரை வாளியில் பிடித்து வைத்துத்தான் பழைய காரைக் கழுவினோம். அந்தக் கண்ணாடியில் இன்றுவரை போகாத வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம் இப்போது புரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். புங்க மரத்துக்காகக் கார் கவர் வாங்கலாமா? ஐந்து ஆண்டு உத்தரவாதத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

மெருகுக்காரன் (கோவை)

வணக்கம். கார் மெருகேற்றும் பட்டறை வைத்திருக்கிறேன். செராமிக் பூசுவதும் பிபிஎஃப் ஒட்டுவதும்தான் என் பிழைப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நீர்க்கறை, பறவை எச்சம், கீறல், கல் தெறிப்பு ஆகியவை அதில் அடங்கா என்றும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அதே இடத்தில் கட்டணப் பராமரிப்பு செய்தால்தான் செல்லும் என்றும் பல அட்டைகளில் எழுதியிருக்கும். நான் பார்த்த வரையில், தூசி, உப்பு, வெயில் மூன்றும் சேர்ந்த இடத்தில் நல்ல கோட்டிங் ஒழுங்கான பராமரிப்புடன் இரண்டு, மூன்று ஆண்டுகள் வேலை செய்கிறது. அழுக்கு ஒட்டாமல் எளிதில் கழுவ முடிவதுதான் அதன் பயன். அதற்காகப் பூசுங்கள், கவசம் என்று நினைத்துப் பூசாதீர்கள்.

உங்கள் பயணத்துக்கு உண்மையான கவசம் பிபிஎஃப்தான். அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ள படலம். அதாவது பெயிண்டை விடவும் தடிமனானது. அமெரிக்க ராணுவம் வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்கப் பயன்படுத்திய படலத்திலிருந்து வளர்ந்த பொருள் என்பதால், கல்லும் மணலும்தான் அது எதிர்கொள்ளப் பிறந்தவை. ஆனால் 1,20,000 ரூபாய் கொடுத்து முழு வண்டிக்கும் ஒட்டத் தேவையில்லை. கூரையில் கல் படுவது அரிது. முன் பம்பர், பானெட், முன் சக்கர வளைவை ஒட்டிய பக்கத் தகடு, பக்கக் கண்ணாடிகளின் முதுகு, கதவு விளிம்பு, கைப்பிடிக்குப் பின்னுள்ள குழி ஆகியவை போதும். அந்தக் குழியைச் சொல்லக் காரணம் உண்டு: வளையலும் மோதிரமும் நகமும் படுவதால், கறுப்புக் காரில் ஓராண்டிலேயே அங்கே பிறை வடிவக் கீறல்கள் அடுக்கடுக்காகத் தெரியும்.

படலம் டிபியு (நெகிழ்வான பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) வகையா என்று கேளுங்கள். மலிவான பிவிசி படலம் வெயிலில் மஞ்சளாகி இறுகிவிடும். உரித்தெடுக்கும்போது பசை நின்றுவிடும். கணினியில் அளவு கொடுத்து வெட்டிய துண்டுகளை ஒட்டுகிறார்களா, காரின் மேலேயே பிளேடு போட்டு வெட்டுகிறார்களா என்பதையும் கேட்பது அவசியம். பின்னதைச் செய்பவர் கை தவறினால், உங்கள் நாற்பது மைக்ரானில் கோடு விழுந்துவிடும். வரிசையும் முக்கியம்: படலத்தை முதலில் ஒட்டிய பிறகுதான் கோட்டிங் பூச வேண்டும், பூசிய பரப்பில் படலத்தின் பசை சரியாகப் பிடிக்காது.

கவர் வேண்டாம். உங்கள் ஊரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். தூசி படிந்த கார்மேல் கவரை மூடினால், காற்றில் அது படபடத்து நாள் முழுவதும் உப்புத்தாளைப் போலத் தேய்க்கும். புங்க மரத்தடியில் ஒட்டும் பிசுபிசுப்பு பெரும்பாலும் மரத்தின் பிசின் அல்ல. இலையில் அண்டும் சாறுறிஞ்சிப் பூச்சிகள் கழிக்கும் சர்க்கரைத் திரவம். இரண்டொரு நாளில் கழுவினால் தண்ணீரிலேயே கரைந்துவிடும். காக்கை எச்சத்துக்குத்தான் அவசரம் காட்ட வேண்டும்; அது வெயிலில் காய்ந்து சுருங்கும்போது கிளியர் கோட்டை அரித்துவிடும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

பழைய கைப்பழக்கம் (புதுச்சேரி)

ஞாயிறு தோறும் அரை மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் என்றால், கோட்டிங்குக்குப் பதில் சீலன்ட் என்ற செயற்கை மெழுகைக் கையால் பூசிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கார்னாபா மெழுகு பிரேசில் பனைவகை மரத்தின் இலையிலிருந்து கிடைப்பது. 80 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகும் அது நம் வெயிலில் ஓரிரு மாதம்கூடத் தாங்குவதில்லை. சீலன்ட் நான்கைந்து மாதம் நிற்கிறது. நீர்க்கறை விழுந்தாலும் சில நூறு ரூபாய்ப் பொருள்தான் போகும், 28,000 ரூபாய் போகாது.

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

முன்பகுதிக்கும் கைப்பிடிக் குழிகளுக்கும் மட்டும் டிபியு படலம், மற்ற இடங்களுக்கு நானே பூசும் சீலன்ட் என்று முடிவு செய்திருக்கிறேன். முதல் ஆண்டு அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோட்டிங்கைப் பற்றி யோசிக்கிறேன். காரை எடுக்கும் அன்று கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

வண்ணப்பட்டறை (திருப்பெரும்புதூர்)

நல்ல முடிவு ஐயா. டெலிவரிக்கு முன் காரைக் கழுவவோ பாலீஷ் போடவோ வேண்டாம் என்று ஷோரூமில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதில்தான் பல புதுக் கார்களுக்கு முதல் கீறல் விழுகிறது. கறுப்பில் அது சிலந்தி வலையைப் போல வெயிலில் மின்னும். வீட்டிலும் காலையில் உலர்ந்த துணியோ தூசி தட்டும் துடைப்பமோ கார்மேல் படக்கூடாது என்று துடைக்க வருபவரிடம் அன்பாகச் சொல்லி, இரண்டு வாளிகளும் மைக்ரோஃபைபர் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். ஒரு வாளியில் ஷாம்பூ நீர், இன்னொன்றில் கையுறையை அலச வெறும் நீர்.

காரை எடுக்கும்போதே, உங்கள் காரின் நிறக் குறியீட்டுக்கு உரிய சிறிய டச்அப் பெயிண்ட் குப்பி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படலம் இல்லாத இடத்தில் கல் பட்டுத் தகடு தெரிந்தால், அந்த வாரமே சுத்தம் செய்து ஒரு சொட்டு வைத்துவிட வேண்டும். உங்கள் ஊர்க் காற்றில் அடுத்த மாதம் வரை அது காத்திருக்காது.