நாக்கடியில் சிவப்புக் கட்டி: பயாப்சி எடுக்கலாமா?

குறிஞ்சி:
19 வயதுப் பெண். நாக்கின் அடிப்பகுதியில் (தொண்டைப் பக்கம் உள்ள வேர்ப்பகுதி), நட்டநடுவில், 2 செ.மீ. அளவில் வழவழப்பான சிவப்புக் கட்டி. மேலே ரத்தக்குழாய்கள் ஓடுவது தெரிகிறது. வலியில்லை, விழுங்கும்போது உறுத்தல் மட்டும். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 14, இயல்பைவிட அதிகம். லிங்குவல் தைராய்டோ (கழுத்துக்கு இறங்காமல் நாக்கிலேயே தங்கிவிட்ட தைராய்டு சுரப்பி) என்று சந்தேகம். ஒரு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினால் என்ன?

நெய்தல்:
கை வைக்காதீர்கள். அந்த இடத்தில் ரத்தம் கசிய ஆரம்பித்தால் அடக்குவது கஷ்டம், வழிவதும் மூச்சுப்பாதைப் பக்கம்தான். முதலில் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட். கருவில் தைராய்டு உருவாவதே நாக்கடியில்தான். ஏறக்குறைய 7-வது வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்கிவிடும். இறங்காமல் நின்றுவிட்டால் கழுத்தில் அதன் இடம் பெரும்பாலும் காலி. இவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு உடம்பிலிருக்கும் ஒரே தைராய்டு அதுதான். தெரியாமல் வெட்டி எடுத்தால் கொஞ்சநஞ்சம் சுரந்துகொண்டிருந்ததும் போச்சு.

பாலை:
உறுதிப்படுத்த டெக்னீஷியம் ஸ்கேன் (தைராய்டு ஈர்த்துக்கொள்ளும் கதிரியக்க மருந்தை வைத்துப் படம் எடுப்பது), அதுவும் தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கும் முன்பே. ஊசி போட்டு 20 நிமிடம் கழித்துப் படம். அதற்கு முன் தண்ணீர் குடிக்க வையுங்கள்: இந்த மருந்து எச்சிலிலும் சுரக்கும், வாயில் தேங்கினால் கட்டி மாதிரியே காட்டும். பக்கவாட்டுப் படமும் கேட்டு வாங்குங்கள். அவசரப்பட்டு அயோடின் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) கொடுத்து சி.டி. எடுத்துவிட்டால் அப்புறம் பல வாரங்களுக்கு டெக்னீஷியம் ஸ்கேனை நம்ப முடியாது. கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.யே போதும், தைராய்டில் அயோடின் இருப்பதால் சுற்றியுள்ள தசையைவிட வெளுப்பாகத் தெரியும்.

குறிஞ்சி:
ஸ்கேனில் தைராய்டுதான் என்று வந்தால்? மாத்திரையா, அறுவையா?

நெய்தல்:
இந்த அளவுக்கு மாத்திரைதான். சுரப்பு போதாததால் டி.எஸ்.எச். ஏறுகிறது, அது தூண்டத் தூண்டக் கட்டி வீங்குகிறது. லெவோதைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) அந்தத் தூண்டுதலைக் குறைக்கும். வளர்ச்சி நிற்கும், மாதக்கணக்கில் ஓரளவு சுருங்கலாம். கரைந்தே போகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முழு டோஸ் தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். இங்கே கொஞ்சம் சுரப்பு மிச்சமிருப்பதால் குறைவாகவே தேவைப்படலாம். 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்து மாற்றுங்கள். வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. டோஸ் சரியாக இருந்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லையென்றால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு, விழுங்க முடியாமை, புற்றுநோய்ச் சந்தேகம்: இவற்றில் ஒன்று இருந்தால்தான் அறுவை.

பாலை:
இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. கர்ப்பத்தில் ஹார்மோன் தேவை கூடும், கட்டியும் பெரிதாகலாம். கர்ப்பம் உறுதியானதுமே டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வேறு எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய் போடும்போது லாரிங்கோஸ்கோப்பின் (குரல்வளையைப் பார்க்க வாய்வழி நுழைக்கும் கருவி) பிளேடு நேராக இதன் மேல்தான் போய் உட்காரும்.