வார்டு பொறியாளரோடு ஒரு மே மாதப் பகல்

மும்பை வெள்ளம் என்றால் எல்லோரும் ஜூலை மாதத்துக் கதைகளைத்தான் சொல்கிறோம். நான் மே மாதத்தைச் சொல்கிறேன். வெள்ளத்தைத் தடுக்கிற வேலை நடப்பது அப்போதுதான்.

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் மாவு அரைக்கும் கடை வைத்திருக்கிறேன். சந்தில் தரைக்கல் மாற்றும் வேலை வந்தபோது மேற்பார்வைக்கு வந்தவர் மாநகராட்சியின் இளநிலைப் பொறியாளர். பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். பிறந்து வளர்ந்தது இங்கேயே. என்னை அண்ணாச்சி என்பார். வயதில் இளையவர் என்றாலும் நான் சார் என்றே கூப்பிடுவேன்.

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பழைய கல்லின் மேலேயே மணலைக் கொட்டிப் புதுக்கல்லை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இப்படி அடுக்கி அடுக்கித்தான் சந்து உயர்ந்து, வீடுகள் பள்ளத்துக்குப் போயின. பல வீடுகளுக்குள் இப்போது படி இறங்கித்தான் போக வேண்டும். அவர் வந்ததும் எதுவும் பேசவில்லை. என் கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கிச் சந்தின் நடுவே ஊற்றினார். அது வடிகால் பக்கம் திரும்பவே இல்லை. நேராக எதிர்வீட்டுப் பாட்டியின் நிலைவாசலுக்குள் இறங்கியது.

"பழையதைத் தோண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள்" என்றார். மழை வந்துவிடும், நேரமில்லை என்று மேஸ்திரி வாதாடினார். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கிடைக்கத் தேவையான அளவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று இவர் சொன்ன பிறகுதான் கடப்பாரை வெளியே வந்தது. எங்கள் சந்துக்கு அந்த ஒரு மறுப்பு எத்தனை பெரிய உதவி என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

அங்கிருந்து தாதர்–தாராவி நாலாவுக்கு, அதாவது மழைநீர் ஓடும் பெரிய கால்வாய்க்குப் போனார். நானும் கூடப் போனேன். தூர்வாரிய சகதி கரையில் குவிந்து கிடந்தது. ஈரம் வடியட்டும் என்று ஓரிரு நாள் வைப்பது வழக்கம்தான். ஆனால் லாரி ஏறாமல் கிடந்தால் முதல் மழையே அதை உள்ளே தள்ளிவிடும். கோடு போட்ட இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்தார். அடியில் இன்னும் முழங்கால் அளவுக்குச் சகதி. இந்த வேலைக்கு வழக்கமான கெடு மே 31. வெயிலில் நின்றபடியே லாரிக்காக அவர் போனில் போட்ட சண்டையைக் கேட்டபோது என் மனதில் அவருக்கு மரியாதை கூடியது.

பிறகு டீக்கடையில் உட்கார்ந்து டைரியை விரித்தார். கடல் ஏற்ற அட்டவணையில் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். நகரத்தின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு, அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளைக்குக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. கடல் ஏறிவிட்டால் வடிகாலின் வாய் நீருக்கடியில் போய்விடும். அந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் தண்ணீர் தெருவில்தான் நிற்கும். மழையும் மும்பை முழுக்க ஒரே அளவில் பெய்யாது. 2005 ஜூலை 26 அன்று நகரின் வடக்கே சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது, தெற்கு முனையான கொலாபாவில் 73 மி.மீ. மட்டுமே.

"ஊர்க் கணக்கை மட்டும் வைத்துத் திட்டம் போட முடியாது அண்ணாச்சி. உங்கள் சந்தில் முதலில் எந்த வீட்டில் தண்ணீர் ஏறும்? படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார்? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஆட்களைத் தங்க வைக்க வேண்டிய மாநகராட்சிப் பள்ளியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் அங்கேயே போன் போட்டு விசாரித்துக் குறித்துக்கொண்டார். கோப்பில் பள்ளியின் பெயர் மட்டும் இருந்தால் நள்ளிரவில் பூட்டின் முன்னால்தானே நிற்க வேண்டும்!

உங்கள் பகுதியிலும் இந்த விவரங்களை மழைக்கு முன்பே வார்டு பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அழைப்பதற்கு மும்பை மாநகராட்சியின் உதவி எண் 1916 இருக்கவே இருக்கிறது. பக்கத்துச் சந்துக்கு இன்னும் தரைக்கல் வேலை வரவில்லை. அங்கேயும் பழைய கல்லை எடுத்த பிறகே புதியது பதிக்க வேண்டும் என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.