திட்டம் எப்படி போச்சுன்னு யார் கேக்கணும்? மாற்றுத்திறனாளிகள் மதிப்பீடு பத்தி ஒரு டவுட்

குடியாத்தம்வாசி:
வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட்ல வேலை செய்றேன், வீல்சேர், காலிப்பர் (கால தாங்குற கம்பிக் கருவி) குடுக்குறது, வீட்டுக்கே போய் பிசியோ பண்றது இதான் எங்க வேலை. இப்ப நிதி குடுக்குறவங்க மதிப்பீட்டு அறிக்கை கேக்குறாங்க. ஆபீஸ்ல ஒரு ஃபார்ம் ரெடி, "திருப்தியா? ஆம், இல்லை"ன்னு. எனக்கு மனசு ஒப்பல, வாங்குனவங்களே கேள்வி கேக்குற ஆளா இருக்கணும்னு தோணுது. யாராவது செஞ்சிருக்கீங்களா?

காட்பாடி வண்டிக்காரர்:
ரொம்ப நல்லதுங்க. வண்டி குடுத்த ஆளே வந்து எப்படி கீதுன்னு கேட்டா யாருங்க குறை சொல்லுவாங்க, நாளைக்கு டயர் மாத்த அவருகிட்டதான போவணும். எங்கள மாதிரி வண்டியில போறவங்கள கேக்க விடுங்க, கேள்வியே வேற மாதிரி வரும். வாசப்படி தாண்டுதா, மண் ரோட்ல முன்சக்கரம் மாட்டுதா, பாத்ரூம் கதவுக்குள்ள நுழையுதா, குஷன் குடுத்தாங்களா, உக்காந்து உக்காந்து புண்ணு வந்துச்சா. நம்ம வேலூருக்கு இது புதுசும் இல்ல, டாக்டர் மேரி வர்கீஸ் ஆக்சிடென்ட்ல முதுகுத்தண்டு அடிபட்டும் வீல்சேர்ல உக்காந்துகினே ஆபரேஷன் பண்ணவங்க, 1966ல பாகாயத்துல புனர்வாழ்வு மையம் வந்ததுக்கும் அவங்கதான் முக்கிய காரணம்.

ஆற்காடு அம்மா:
என் பையனுக்கு அறிவுசார் குறைபாடு. எப்பவும் என்னைத்தான் கேப்பாங்க, அவன ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. தெரபி ரூம், பந்து, அக்கா எல்லாத்தையும் போட்டோ எடுத்து அவன் முன்னாடி வையுங்க, பிடிச்சத எடுக்கட்டும், பிடிக்காதத தள்ளட்டும். அவசரப்படுத்தாதீங்க. அம்மா பேச்ச தனியா எழுதிக்கோங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல.

ராணிப்பேட்டை:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 48ல சமூக தணிக்கை இருக்கு, அதாவது திட்டம் எப்படி நடக்குதுன்னு பயன்படுறவங்களையும் சேத்து பாக்குறது. அது அரசாங்க திட்டங்களுக்குதான், ஆனா நிதி குடுக்குறவங்ககிட்ட பேச கை குடுக்கும். 2007ல இந்தியா ஏத்துக்கிட்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையும் கண்காணிப்புல மாற்றுத்திறனாளிகளும் அவங்க அமைப்புகளும் முழுசா பங்கெடுக்கணும்னு சொல்லுது. முக்கியமா காசு ஒதுக்குங்க, ஆட்டோ சார்ஜ், கூட வர்றவங்களுக்கும் சார்ஜ், கேள்வி கேக்கப் போறவங்களுக்கு சம்பளம். சும்மா வரச்சொல்லி டீ குடுத்து அனுப்புறது அநியாயம். கூட்டம் போடுற எடத்துல சாய்தளம் இருக்கான்னும் முன்னாடியே பாத்துடுங்க.

குடியாத்தம்வாசி:
எல்லாருக்கும் நன்றி, ஃபார்ம நிறுத்தி வைக்கச் சொல்லி பேசுறேன். இன்னொண்ணு, காது கேக்காத சிலர் பள்ளிக்கூடமே போகல, வீட்டு சைகைதான், இன்டர்பிரட்டர் வந்தாலும் புரியுமா?

காட்பாடி வண்டிக்காரர்:
இன்டர்பிரட்டர் மட்டும் போதாதுங்க. காது கேக்காத பெரியவர் ஒருத்தர கூட கூட்டிட்டு போங்க, அவங்களுக்குள்ள சீக்கிரம் பிடிபடும். வீட்ல யாரு அவங்க சைகைய நல்லா புரிஞ்சிக்கிறாங்களோ அவங்களும் பக்கத்துல இருக்கட்டும், ஆனா பதில் அவரு கையிலிருந்து வரணும்.