புதுப்பிப்பு: புரோகிராம் எழுதத் தெரியாமல் திறந்த மூலத்துக்குள் வந்த கதை

புரோகிராமிங் தெரியாதவர் திறந்த மூலத் திட்டத்தில் (யாரும் பங்களிக்கக்கூடிய பொதுத் திட்டம்) எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருந்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், அதாவது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம், என்று பலர் சொன்னீர்கள். தொடங்கிவிட்டேன், நன்றி!

2004இல் தொடங்கிய திட்டம் இது. கணக்கு திறந்து, உலாவியிலேயே ஐடி (iD) என்ற வரைபட எடிட்டரில் திருத்தலாம். கேரள-தமிழ்நாடு எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழோ மலையாளமோ. அதனால் நான் எடுத்துக்கொண்டது ஊர்ப்பெயர்கள்தான். ஒரே ஊருக்கு நேம்:எம்எல் (name:ml) என்ற குறிச்சொல்லில் மலையாளப் பெயர், நேம்:டிஏ (name:ta) என்பதில் தமிழ்ப் பெயர். ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சேமிக்கும்போது “என் திருத்தத்தை யாராவது சரிபாருங்கள்” என்றொரு கட்டம் இருக்கும். புதியவர்கள் கட்டாயம் டிக் செய்யுங்கள். கோபாலபுரம் ரோட்டிலிருந்து தென்னந்தோப்புக்குள் பிரியும் ஒரு தடத்தைச் சேர்த்தேன். அதில் கார் போகுமா, மண்பாதையா என்று ஒருவர் கேட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். மண்தான், டிராக்டர் போகும், நடுவில் வாய்க்கால் மேல் ஒரு கல்பாலம். அதையும் சேர்த்தாயிற்று. அந்தக் கேள்வி வராவிட்டால் பாலம் வரைபடத்தில் வந்தே இருக்காது.

அப்புறம் ஒன்று: கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயரை நகலெடுக்கக் கூடாது, உரிமம் இடம் தராது. பெயர்ப்பலகை, ஊர்ப் பெரியவர்கள், நம் கண், இவை போதும்.

அடுத்து வேலந்தாவளம் பக்கம். அங்கே யாராவது இருக்கிறீர்களா?