சமூகக் குழுவின் படிவம்: இங்கிலாந்தில் உள்ள எங்கள் பெற்றோர் குழுவில் ஒரு மாலை உரையாடல்

சாந்தி: எல்லோருக்கும் வணக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள என் மகன் நிமலனைப் பார்க்கும் சுகாதாரச் சேவையின் சமூகக் குழுவிலிருந்து நான்கு பக்கப் படிவம் வந்திருக்கிறது. எங்களைப் பற்றி அவர்களிடம் இருக்கும் பதிவின் நகலும் கூடவே இருக்கிறது. சரிபார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். இனம், வீட்டு மொழி, மொழிபெயர்ப்பாளர் தேவையா, கண், காது, வலிப்பு, மருந்து என்று நீண்டுகொண்டே போகிறது. வேறு யாருக்காவது வந்ததா?

பத்மா அன்ரி: எங்களுக்கும் வந்தது. இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

ரவி: நிரப்ப வேண்டாம் அக்கா. இதைப் பாருங்கள்.

ரவி: (பலமுறை பகிரப்பட்டது) கவனம்!! சுகாதாரச் சேவை வாங்கும் குடும்ப விவரங்கள் எல்லாம் நேராக உள்துறை அமைச்சுக்கும் உதவித்தொகை அலுவலகத்துக்கும் போகின்றன. கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்!!

செல்வநாயகம் மாமா: தம்பி, இதை எழுதிய புண்ணியவான் பெயர் போடவில்லையே.

மீரா: ரவி அண்ணா, நான் வேறொரு பகுதிச் சமூகக் குழுவில் தரவுப் பதிவு வேலைதான் பார்க்கிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாம் நேராகப் போகிறது என்பது பொய். ஆனால் பயம் வெறும் கற்பனையும் அல்ல. 2017-இல் அரச சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.-இன் தரவுப் பிரிவு என்.எச்.எஸ். டிஜிட்டலும் உள்துறையும் குடிவரவு விசாரணைக்காக முகவரி முதலிய விவரங்களைப் பகிர ஓர் உடன்பாடு வைத்திருந்தன. மருத்துவர்களும் நாடாளுமன்றக் குழுவும் கடுமையாக எதிர்த்த பிறகு, 2018 மே மாதம் அரசு அதைப் பெரிதும் சுருக்கிக்கொண்டது. நெருப்பில்லாமல் புகை வரவில்லை, ஆனால் அந்தச் செய்தியை எழுதியவர் பழைய புகையை வைத்து ஊதுகிறார்.

ரவி: சரி, அப்படியானால் எங்கே போகிறது?

மீரா: முதலில் சமூகக் குழுவின் சொந்தப் பதிவுக்கு. தாதி, பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லோரும் அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள். பிறகு மாதந்தோறும் அதிலிருந்து ஒரு பகுதி தேசியத் தொகுப்புக்குப் போகிறது. அதன் பெயர் மனநலச் சேவைகள் தரவுத் தொகுப்பு. பெயரில் மனநலம் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் சேவைகளும் அதற்குள்தான் வருகின்றன. எந்த நாளில் பரிந்துரைத்தார்கள், முதலில் எப்போது பார்த்தார்கள், நேரிலா தொலைபேசியிலா, எப்போது கோப்பை மூடினார்கள் என்பது போன்றவை அதில் இருக்கும். என்.எச்.எஸ். எண்ணும் அஞ்சல் குறியீடும் சேர்ந்துதான் போகின்றன, அதை மறைக்க விரும்பவில்லை. வெளியிடும் அட்டவணைகளில் பெயரும் என்.எச்.எஸ். எண்ணும் இருக்காது. அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் 5 பேருக்குக் குறைவாக வந்தால், ஆளை அடையாளம் காணக் கூடாது என்று எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிதான் இருக்கும்.

செல்வநாயகம் மாமா: எங்கள் சனத்தை எந்த ஊரில் எண்ணினாலும் 5-ஐத் தாண்டாது. ஆகவே நாங்கள் எல்லோரும் நட்சத்திரங்கள்.

பத்மா அன்ரி: 😀

செல்வநாயகம் மாமா: சிரிக்கச் சொல்லவில்லை பத்மா. என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். எழுதி எழுதி என் கையெழுத்தே மாறிவிட்டது. கணக்கெடுத்து என்ன கண்டார்கள் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

மீரா: இரண்டு சொல்கிறேன் மாமா. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சீக்கிரம் இறந்துபோவது அந்தக் குறைபாட்டின் இயல்பு என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகம் தென்மேற்கு இங்கிலாந்தில் 247 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013-இல் அறிக்கை தந்தது. மற்றவர்களைவிட ஆண்கள் 13 ஆண்டும் பெண்கள் 20 ஆண்டும் முன்னதாக இறந்திருந்தார்கள். நோயைக் கண்டுபிடிக்கத் தாமதம், சிகிச்சையில் தாமதம், வீட்டார் சொன்னதைக் காதில் வாங்காதது என்று தவிர்க்கக்கூடிய காரணங்கள் வரிசையாக வந்தன. அதன் தொடர்ச்சியாகத்தான் இந்த மரணங்களை ஆராயும் லெடர் திட்டம் 2015-இல் தொடங்கியது. ஒரு மரணத்தை அவர்களுக்கு அறிவிக்கக் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு.

மீரா: இன்னொன்று மருந்து. ஜிபி (குடும்ப வைத்தியர்) பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு மதிப்பீடு வந்தது. இங்கிலாந்தில் எந்த ஒரு நாளை எடுத்தாலும், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் 30,000 முதல் 35,000 பேர், அதற்கான நோயே பதிவில் இல்லாமல், மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ இரண்டுமோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குறைக்க 2016-இல் ஸ்டொம்ப் என்ற இயக்கத்தை என்.எச்.எஸ். தொடங்கியது. அந்தக் கணக்கு இல்லாதவரை ஒவ்வொரு தாயும் இது தன் வீட்டுக் கதை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்மா அன்ரி: மீரா, அது என் வீட்டுக் கதையேதான். மகள் இரவில் கத்துகிறாள் என்று ஒரு மாத்திரை தொடங்கினார்கள். அது வருடக்கணக்கில் ஓடியது. பிறகு வந்த சமூகத் தாதி என்னை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். திகதி, மலம் போனதா, எத்தனை மணிக்குத் தூங்கினாள், எப்போது கத்தினாள், அவ்வளவுதான். நானும் கோடு போட்டு எழுதி வந்தேன். அடுத்த சந்திப்பில் அந்தத் தாதி பக்கங்களைப் புரட்டிவிட்டு, பேனாவால் சில வரிகளைச் சுற்றி வட்டம் போட்டார். மூன்று நான்கு நாள் மலம் போகாத இடங்களில்தான் கத்தல் இருந்தது. பிள்ளைக்கு வயிற்று வலி. நாங்கள் மூளைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சாந்தி: அன்ரி, இதை நீங்கள் சொல்லவே இல்லையே.

பத்மா அன்ரி: யார் கேட்டார்கள்? இப்போது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள். வைத்தியர் பார்த்துத்தான் குறைக்கிறார். நீங்களாக ஒருவரும் நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

மீரா: மலச்சிக்கலைச் சின்ன விஷயம் என்று விடக் கூடாது. உயிரே போன சம்பவங்கள் லெடர் அறிக்கைகளில் இருக்கின்றன.

ரவி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரவி: முதலில் அனுப்பியதை அழித்துவிட்டேன். இப்போது ஒரு கேள்வி. இனம் என்ற இடத்தில் எதைப் போடுவது? இந்தியர் என்று போட மனம் வரவில்லை.

மீரா: போடாதீர்கள் அண்ணா. இலங்கைத் தமிழருக்குத் தனிக் கட்டம் இல்லை. 'வேறு ஆசியப் பின்னணி' என்பதில்தான் வருவோம், குறியீடு எல். அந்தக் கட்டத்துக்குள் வேறு பலரும் இருக்கிறார்கள். நாங்கள் நாங்களாகத் தெரிவது மொழிக் கட்டத்தில் மட்டும்தான். அதனால் அதில் தமிழ் என்று கட்டாயம் எழுதுங்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் புரியும் என்பதற்காக ஆங்கிலம் என்று எழுதினால், ஒரு பகுதியில் தமிழ்க் குடும்பம் இருப்பதே திட்டமிடுபவருக்குத் தெரியாமல் போகும்.

மீரா: 2023-இல் வந்த என்.எச்.எஸ். இனம் மற்றும் சுகாதார ஆய்வகத்தின் அறிக்கையில், சிறுபான்மை இனத்தவரில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இறக்கும் சராசரி வயது 34 என்றும் வெள்ளையருக்கு 62 என்றும் இருந்தது.

செல்வநாயகம் மாமா: பிள்ளை, அந்த எண்ணை நானும் பார்த்தேன். ஆனால் ஒன்று. இந்த நாட்டில் எங்கள் சமூகங்களில் இளையவர்கள் அதிகம். வயதானவர்களே குறைவாக இருக்கும் இடத்தில், இறப்பவர்களின் சராசரி வயதும் குறைவாகத்தானே தெரியும்? முழு வித்தியாசத்தையும் பாகுபாட்டின் தலையில் கட்டினால் கணக்கு உதைக்கும்.

மீரா: உண்மை மாமா. ஒரு பங்கு அதனால்தான். ஆனால் எல்லாம் அதனால் என்றும் சொல்லிவிட முடியாது. எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்கக்கூட இனக் கட்டம் நிரம்பியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது வெறுமையாகவோ 'சொல்லவில்லை' என்றோ வரும் பதிவுகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சாந்தி: இப்போதுதான் அவர்கள் அனுப்பிய நகலை முழுக்க வாசித்தேன். மொழிபெயர்ப்பாளர்: தேவையில்லை. எப்படி? ஒருமுறை மகள் கூட வந்து பேசினாள், அதற்காகவா? இன்னும் கேளுங்கள். பேச்சுப் பயிற்சிக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. 'வரவில்லை', மறுபடி 'வரவில்லை', பிறகு 'கோப்பு மூடப்பட்டது'. இந்தப் பயிற்சிக்காகத்தான் நான் இத்தனை காலமும் வரிசையில் இருப்பதாக நினைத்துக் காத்திருந்தேன்!

செல்வநாயகம் மாமா: பார்த்தாயா! இதைத்தான் நான் சொல்கிறேன். நிமலனைத் தூக்கி வெளியே போட்டதும் காத்திருப்போர் பட்டியலில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. மேலே இருப்பவர் வரைபடத்தைப் பார்த்துக் கை தட்டுவார். நான் கணக்காளனாக இருந்தவன். வராத கடனை ஏட்டிலிருந்து அழித்துவிட்டுக் கடன்காரரே இல்லை என்று சொல்வது போன்றது இது.

மீரா: மாமா சொல்வதை மறுக்க மாட்டேன். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தால் சேவை நன்றாக நடப்பது போலத்தான் தெரியும். மூடிய கோப்புகளில் எத்தனை வேலை முடிந்து மூடியவை, எத்தனை ஆளைப் பார்க்காமலே மூடியவை என்று பிரித்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்டால்தான் மேலாளர்கள் அசைகிறார்கள். நாங்கள் உள்ளேயிருந்து கேட்டால் கூட்டக் குறிப்பில் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

சாந்தி: நான் இப்போது என்ன செய்வது?

மீரா: அக்கா, தொலைபேசியில் சொல்ல வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். கடிதம் தவறான முகவரிக்குப் போனது, நிமலன் தானாகக் கடிதம் பிரித்து வரக்கூடியவன் அல்ல, அதனால் 'வரவில்லை' என்ற பதிவைத் திருத்தி, பரிந்துரையை முதலில் பரிந்துரைத்த தேதியிலிருந்தே மீண்டும் திறக்கக் கேட்கிறேன் என்று எழுதுங்கள். புதிய தேதி போட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவான், கவனம். தகவலை எந்த வடிவில் தர வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்து அதன்படி நடப்பது 2016 முதல் என்.எச்.எஸ். சேவைகளின் கடமை. 'தாயைத் தொலைபேசியில் அழைக்கவும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை' என்று படிவத்திலேயே எழுதுங்கள். கடிதத்துக்குப் பதிலாகத் தாயை அழைப்பது சமத்துவச் சட்டம் 2010-இன்படி நியாயமான மாற்றம், சலுகை அல்ல.

ரவி: கையெழுத்து யார் போடுவது? நிமலனுக்கு 22 வயது ஆகிவிட்டதே.

மீரா: 16 வயதிலிருந்து மனத் திறன் சட்டம் 2005 வருகிறது. தாய் என்பதாலேயே எல்லா முடிவையும் எடுத்துவிட முடியாது. அவனால் எது முடியுமோ அதை முதலில் அவனிடம்தான் கேட்க வேண்டும். மீதியைக் குழுவோடு சேர்ந்து அவன் நலன் பார்த்து முடிவு செய்யலாம். எழுதிக் கொடுப்பவர் நீங்கள் என்று உங்கள் பெயரைப் போட்டால் போதும்.

சாந்தி: சாப்பிட்டு முடித்ததும் அவனை உட்கார்த்தி வைத்துப் பட அட்டைகளைக் காட்டிக் கேட்டேன். கண்ணுக்குச் சரி என்று கட்டை விரலைக் காட்டினான். காதுப் படத்தைக் காட்டியதும் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான். திரும்பவும் காட்டினேன், திரும்பவும் அதே காதுதான். பதிவில் 'செவிப்புலன்: பிரச்சினை இல்லை' என்றிருக்கிறது. யார் எப்போது பரிசோதித்தார்கள் என்று அதில் ஒன்றுமே இல்லை.

பத்மா அன்ரி: மெழுகு அடைத்திருக்கலாம். உடனே காட்டுங்கள்.

மீரா: அந்தப் பதிலை அப்படியே எழுதுங்கள் அக்கா. வருடாந்த உடல்நலப் பரிசோதனையிலும் காது பார்க்க வேண்டும். அவன் ஜிபியின் பட்டியலில் இருக்கிறானா?

சாந்தி: இருக்கிறான்.

ரவி: என்ன பட்டியல்?

மீரா: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒவ்வொரு ஜிபியிடமும் தனிப் பட்டியல் உண்டு அண்ணா. அதில் பெயர் இருந்தால் 14 வயதிலிருந்து வருடம் ஒருமுறை முழுப் பரிசோதனை கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் ஆதரவுத் திட்டம் இருப்பதால் பெயர் தானாகச் சேர்ந்துவிடாது. 2015 மதிப்பீட்டின்படி, இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் பட்டியல்களில் இருந்தார்கள்.

ரவி: மகளுக்கு 15 ஆகிவிட்டது. எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. நாளை ஜிபியைக் கேட்கிறேன்.

மீரா: காலை 8 மணிக்கே அழையுங்கள். பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும், பரிசோதனைக்கு இரட்டை நேரம் வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாடசாலை அறிக்கையின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.

செல்வநாயகம் மாமா: 8 மணிக்கு அழைத்தால் வரிசையில் இருபதாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லும். 7:59-க்கு அழைத்தால் இன்னும் திறக்கவில்லை என்று சொல்லும். தம்பி, கடிகாரத்தைச் சரி பார்த்து வையுங்கள்.